"பசியாறியாச்சா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு தமிழ்ச் சபைக்கு என் கணவர் ஊழியத்துக்கு வந்திருக்கிறார். நாங்கள் குடும்பமாக வந்து மூன்று மாதம் ஆகிறது. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள், அன்பாகவும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றும் பிடிபடவில்லை. வீடு சந்திக்கப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. கடையில் தடுமாறுகிறேன். பிள்ளைகளின் படிப்பும் முடிவாகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சகோதரி, "எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். ஜப்பானுக்குப் போயிருந்தால் முதல் வாரமே மொழி வகுப்பு தேடியிருப்பீர்கள். இங்கே தமிழ் காதில் விழுந்ததும் அந்த வேலை மிச்சம் என்று இருந்துவிட்டீர்கள். ஊரிலிருந்து வரும் போதகர் குடும்பங்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

முதலில் இந்த ஊர்த் தமிழைப் படியுங்கள். காலையில் பக்கத்து வீட்டு அக்கா "பசியாறியாச்சா?" என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார். வெள்ளி என்றால் ரிங்கிட், காடி என்றால் கார், தாமான் என்றால் வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. ஊரில் உங்களை ஐயரம்மா என்று கூப்பிட்டிருப்பார்கள். இங்கே ஐயர் என்றால் கோயிலில் பூசை செய்பவர். அதனால் பாஸ்டரம்மா என்பார்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அவர்கள் தமிழைத் திருத்தாதீர்கள். ஞாயிறு பள்ளியில் "காடி இல்லை, மகிழுந்து" என்று திருத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் அவரிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார்கள்.

அடுத்தது மலாய். சந்தை, கிளினிக், பள்ளி அலுவலகம், அரசுப் படிவம், எங்கே போனாலும் அதுதான். "பெராப்பா?" என்றால் எவ்வளவு. நூறு வரை எண்ணவும் காய்கறிப் பெயர்களும் தெரிந்தால் காலைச் சந்தையில் சமாளித்துவிடலாம். வகுப்பு தேட வேண்டாம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையே வாத்தியாராக வையுங்கள். பாஸ்டரம்மாவுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற குஷியில் ஒரு நாள்கூடத் தவறாமல் வருவார்கள்.

பூட்டிய கதவுக்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துச் சபை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், ஆனால் ஆட்களில் பெரும்பாலோர் இப்போது தோட்டத்தில் இல்லை. 1980-களுக்குப் பிறகு பல தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியேறினார்கள். நம்மவர்கள் தாமான்களுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். இன்றைக்குத் தொழிற்சாலை ஷிப்ட், லாரி, பாதுகாவலர் வேலை, பள்ளி வேன் என்று பிழைக்கிறார்கள். பகல் 11 மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? இரவு 8 மணிக்குப் போங்கள், அதுவும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு. யார் எந்த ஷிப்ட் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவரை எழுப்பி ஜெபம் பண்ணுவது புண்ணியம் இல்லை.

பகலில் வீட்டில் இருப்பவர்கள் தாத்தா பாட்டிகள். அவர்களிடம் பிரசங்கத்தைவிடக் காதைக் கொண்டுபோங்கள். 1948 ஜூன் 16-இல் இந்த ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதில்தான், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு கொண்டுவந்த மலாயாவின் அவசரகாலம் தொடங்கியது. அந்தக் கெடுபிடிக் காலத்தில் வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலேசியத் தமிழர்களின் தலைவரும் அமைச்சருமாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கியது. இதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டால், ஊரிலிருந்து புதிதாக வந்த பாஸ்டர் என்ற தூரம் தானாகக் குறையும்.

சட்ட விஷயத்தில் விளையாட வேண்டாம். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு. நாம் இருக்கும் பேரா மாநிலத்திலும் அப்படி ஒரு சட்டம் 1988-இல் வந்தது. ஊர்ப் பழக்கத்தில் தமிழ் பேசுகிறவர் என்று நம்பி யாரிடமும் கைப்பிரதியை நீட்டிவிடாதீர்கள். மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேத்தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) ஆற்றித் தருகிறவர் ராமநாதபுரத்து முஸ்லிமாக இருப்பார். பேருந்து நிலையத்தில் பிரதி கொடுக்கும் வேலையை அறவே விடுங்கள். தோட்டத்துக்குள் போவதென்றால் வாசல் காவலரிடமும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது தனியார் நிலம். லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதையும் மறக்காதீர்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றி ஒலிபெருக்கியில் இழிவாகப் பேசக் கூடாது என்பதற்குத் தனிச் சட்டம் தேட வேண்டியதில்லை. உங்கள் சபையில் பாதிப் பேருடைய அண்ணன் தம்பிகள் அங்கேதான் தீ மிதிக்கிறார்கள். சபை விருந்துக்கும் இதே யோசனைதான்: மாட்டிறைச்சி வேண்டாம், ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அதைத் தொடாதவர்கள் நிறைய.

பிள்ளைகளுக்கு வருவோம். மகனுக்குத் தமிழ்ப்பள்ளிதான் என் முதல் தேர்வு. இந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை போன்ற பள்ளிகள் உண்டு. தமிழில் பாடம் நடக்கும், மலாயும் ஆங்கிலமும் கூடவே வரும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் தானாகக் கிடைக்காது. பாஸ் (இங்கே தங்குவதற்கான அனுமதி) நகலோடு முதலில் பள்ளித் தலைமையாசிரியரையும், அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் பாருங்கள். மகள் விஷயம் கடினம். இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான், கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் என்ற அரசுத் தேர்வு. அதுவரை இங்கே இருப்பீர்கள் என்று உறுதி இல்லாவிட்டால் அவளை அந்தத் தண்ணீரில் இறக்க வேண்டாம். ஊர்ப் பாடத்திட்டத்தையோ பக்கத்து நகரமான ஈப்போவில் ஆங்கிலவழித் தனியார் பள்ளியையோ பாருங்கள், செலவைச் சபையோடு இப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம் என்று உங்கள் கணவர் வாய்விட்டுச் சொல்லாதவரை அவளுக்கும் முடிவு கிடைக்காது. அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள், 13 வயது சின்ன வயதில்லை.

பள்ளி காலை ஏழரைக்கே தொடங்கும், ஆனால் வெளிச்சம் வரவே ஏழு மணி ஆகிவிடும். இருட்டில் எழுப்பினால் மகன் அழுவான், ஒரு மாதம் பொறுங்கள். ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறோம். அம்மாவிடம் பேச இங்கே இரவு 8 மணி வசதி, அங்கே மாலை ஐந்தரை.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் பிளக் இங்கே சேராது. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கி இங்கே சாதாரணம். காய்ச்சல் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அரசுக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளி கட்டுவதைப் பார்த்து நம்பிப் போகாதீர்கள், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. மருத்துவக் காப்பீடு இல்லை என்றால் இந்த வாரமே எடுங்கள்.

நீங்கள் பிஎட் படித்தவராக இருந்தால் டியூஷன் எடுக்கச் சொல்வார்கள். காசு வாங்காதீர்கள். துணைவியாக வந்தவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் கணவரின் பாஸும் எந்தச் சபையின் பெயரில் இருக்கிறதோ அந்த வேலைக்குத்தான். பாஸ் முடியும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு, மூன்று மாதம் முன்பே சபைச் செயலாளரை நச்சரியுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், அந்தத் தேதிகளையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.