ஒளிரும் நானோ உணரிகள்: கேட்டதும் சொன்னதும்

கே: மேடம், லைசோசோமில் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் அமிலப் பை) பிஎச் (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) அளக்க ஃப்ளூரசீன் என்ற ஒளிரும் சாயம் மட்டும் போதுமா?

ப: இரண்டு வகையில் போதாது. ஒளி கூடினால் அமிலம் குறைந்ததா, சாயம் அதிகம் சேர்ந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பிஎச் மாறினாலும் ஒளி அசையாத ரோடமின் சாயம் ஒன்றையும் அதே நானோ துகளில் கட்டி, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். 1985-ல் ரோஜர் சியன் குழு கால்சியத்துக்குத் தந்த ஃபுரா-2 சாயமும் விகிதக் கணக்குதான். 340, 380 நானோமீட்டர் அலைநீள ஒளியால் மாற்றி மாற்றித் தூண்டுவார்கள். அடுத்தது, ஃப்ளூரசீனின் பிகேஏ (சாயம் பாதி அணைந்திருக்கும் பிஎச்; அதன் அருகேதான் நன்றாக அளக்கும்) 6.4 அருகே, லைசோசோமோ 4.5–5. அங்கே அது ஏறக்குறைய அணைந்த விளக்கு. ஆரிகன் கிரீன் சாயம் வாங்குங்கள், பிகேஏ 4.7.

கே: பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) எந்த ஒளி விகிதத்துக்கு எந்த பிஎச் என்ற அளவீட்டு வளைவு போட்டாயிற்று. போதும்தானே?

ப: செல்லாது. புரதம் ஒட்டினாலே பிகேஏ நகரும். செல்லுக்குள்ளேயே போடுங்கள்: பொட்டாசியம் மிகுந்த கரைசல், நைஜரிசின், மொனென்சின். இவை சேர்ந்து உள்ளே உள்ள பிஎச்சை வெளியே நீங்கள் வைத்த பிஎச்சுக்குக் கொண்டுவரும்.

கே: டிஎன்ஏவால் உணரி செய்ய முடியுமாமே?

ப: முடியும். 2009-ல் பெங்களூரில் யமுனா கிருஷ்ணன் குழு செய்தது. சைட்டோசின் (டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று) மிகுந்த இழை அமிலத்தில் மடங்கும், அதில் கட்டிய சாயங்களின் நிறம் மாறும்.

கே: வீட்டுச் சர்க்கரை மீட்டர் தப்பாகக் காட்டுகிறது.

ப: மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: செல்லுக்குள் 100 நானோமீட்டர் பையில் பிஎச் 5 என்றால் எத்தனை புரோட்டான் (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி)?

ப: தனியாகத் திரிபவை சுமார் மூன்று.

கே: மூன்றை வைத்துக்கொண்டு பிஎச்சா? இது கண்கட்டு வித்தை!

ப: மூன்றையும் எண்ணுவதாக யார் சொன்னது? பையிலுள்ள புரதங்கள் பிடித்திருக்கும் புரோட்டான்கள் அதைவிடப் பல மடங்கு. அவை சாயத்தில் ஏறி இறங்கியபடியே இருக்கும். கேமரா ஒரு படம் எடுப்பதற்குள் இது எண்ணற்ற முறை நடந்துவிடும்; நமக்குக் கிடைப்பது சராசரி. அரை மைக்ரோமீட்டர் லைசோசோமில் அந்த மூன்றே 400 பக்கம் ஆகிவிடும்.

கே: அப்படியானால் உங்கள் உணரியும் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளுமே?

ப: இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்! பிடிக்கும். லைசோசோமுக்குள் புரோட்டானை ஏற்றும் பம்பு ஈடுகட்டப் பார்க்கும். உணரித் துகளை அள்ளிக் கொட்டினால் பம்பு திணறும். பாதி அளவு போட்டு மறுபடி அளந்து பாருங்கள். விடை மாறினால், நீங்கள் அளந்தது லைசோசோமை அல்ல, உங்கள் துகளை.

கே: பஃபர் வளைவு போதுமா மேடம்?

ப: மேலே போய்ப் படியுங்கள்.