அலுமாரியின் மேல் ஒரு பெட்டி

வாசகர் கேள்வி: எனக்கு வயது 36. ஜேர்மனியில், நியூரம்பேர்க்கில், மனைவியோடும் ஏழு வயது மகனோடும் வசிக்கிறேன். சிறு வயதில் விட்டுப்போன ஃபிங்கர்போர்ட் (விரல்களால் ஓட்டும் குட்டி ஸ்கேட்போர்ட்) பழக்கத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் மீண்டும் தொடங்கினேன். வேலை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் இரண்டு விரல்களால் அந்தச் சிறு பலகையை ஓட்டினால்தான் மனம் ஆறுகிறது. மனைவியோ, "விளையாட்டுச் சாமானுக்கு 120 யூரோவா?" என்று கேலி செய்கிறார். பலகைகளை அலுமாரியின் மேல் ஒரு பெட்டியில் பத்திரமாகவே வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டித் தான் செய்த பலகைக்காக, பலகையின் மேல் ஒட்டும் என் நாடாவை வெட்டி எடுத்த மகனையும் கண்டித்து வைத்திருக்கிறேன். ஷ்வார்ட்சன்பாக்கில் நடக்கும் ஃபிங்கர்போர்ட் போட்டியைப் பார்க்கப் போகிறேன் என்றாலும் மனைவி முகம் சுளிக்கிறார். இது மதிக்கத்தக்க ஒரு கலை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, வளர்ந்தவர்களுக்கும் பொழுதுபோக்கு தேவை, மனைவி போகப்போகப் புரிந்துகொள்வார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மீன் தொட்டி, கமரா, பழைய மோட்டார் சைக்கிள் என்று பொருள்தான் மாறுகிறதே தவிர, இதே கடிதம் பல ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆகவே அந்த ஆறுதலை விட்டுவிட்டு, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன இடத்துக்கு நேரே வருகிறேன்.

ஏழு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டித் தகப்பனிடம் இருப்பதைப் போலவே ஒரு பலகையைச் செய்திருக்கிறான். அதோடு நில்லாமல், அதன் மேற்பரப்பில் நாடா இருக்க வேண்டும் என்பதையும் கண்டுபிடித்திருக்கிறான். அந்த நாடா அலங்காரத்துக்கு ஒட்டுவதன்று. விரல் வழுக்காமல் பலகையைப் பற்றி மேலே இழுப்பதற்கு அதுதான் உதவுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் தொட அனுமதியில்லாத பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது என்றால், எத்தனை நாள் உங்கள் கைகளையே கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்? அவனை அழைத்துப் பக்கத்தில் இருத்துவதை விட்டு, நாடா வீணாயிற்று என்று ஏசியிருக்கிறீர்கள். தச்சன் வீட்டில் பிள்ளை உளியைத் தொட்டால், பிடிக்கும் முறையைக் காட்டிக்கொடுப்பார்களே ஒழிய, உளியைப் பரணில் ஏற்றமாட்டார்கள்.

கலை என்று சொல்கிறீர்கள். அதன் வரலாறும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ஸ்கேட்போர்ட் வீரர் லான்ஸ் மவுண்டன் இப்படியொரு சிறு பலகையைத் தம் கையால்தான் செய்தார். அதைச் செய்யும் முறையை 1985இல் ஒரு ஸ்கேட்போர்ட் இதழில் எழுதினார். டெக் டெக் என்ற பெயரில் வந்த பிளாஸ்டிக் பலகைகள் 1998 வாக்கில் கடைகளை நிறைத்ததும், ஐந்து அடுக்கு மரத்தகடும் பேரிங் வைத்த சக்கரங்களும் கொண்ட உங்களுடையதைப் போன்ற பலகைகள் பரவியதும் அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டில் லான்ஸ் மவுண்டனின் வழியில் போகிறவன் உங்கள் மகன். நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர், அவ்வளவுதான்.

மனைவியின் கேலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 120 யூரோவை வீட்டுக் கணக்கில் பேசாமல் செலவழித்திருந்தால் தவறு உங்களுடையது. பேசிவிட்டுத்தான் செலவழித்தீர்கள் என்றால் அவர் அதையே சொல்லிக்காட்டுவது சரியில்லை. ஆனால் நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, குளிக்கவைத்து, சோறு போடுகிறவர் யார் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வேலையிலிருந்து திரும்பிய குடும்பஸ்தனின் மாலைப்பொழுது முழுவதும் அவனுக்கே சொந்தமாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பழைய காலத்து எண்ணம் என்பார்கள், என்றுவிட்டுப் போகட்டும்.

இன்று மாலையே பெட்டியைக் கீழே இறக்குங்கள். நாடாவுக்காக ஏசியது பிழை என்று பிள்ளையிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். தகப்பன் பிள்ளையிடம் அப்படிச் சொல்வதால் மரியாதை குறைந்துவிடாது. பிறகு, கழற்றிப் போட்ட பழைய அச்சும் சக்கரமும் உங்களிடம் கட்டாயம் இருக்கும், அவற்றை அவனுடைய குச்சிப் பலகையில் பூட்டிக்கொடுங்கள். துளையை நீங்கள் இடுங்கள், திருகாணியை அவன் முடுக்கட்டும். அரிசி அளவே இருக்கும் அந்தத் திருகாணிகள் தரையில் உருண்டால் அகப்படாது என்பதால், ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக்கொள்வது நல்லது. குச்சிப் பலகைக்கு வால், அதாவது பின்முனை, நிமிர்ந்திருக்காது. ஆகவே பலகையை விரலோடு மேலே எழுப்பும் ஆலி என்ற வித்தையைப் பழக உங்கள் பலகையைத்தான் கொடுக்க வேண்டும். சுட்டுவிரல் நடுவில், முன் திருகுகளுக்குச் சற்றுப் பின்னால். நடுவிரல் வாலின் மேல். வாலைத் தட்டிய கணத்திலேயே சுட்டுவிரல் முன்னோக்கித் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். பழகும்போது பலகை மேசையிலிருந்து பலமுறை விழும், முனை சிதையும். சிதைந்தால் சிதையட்டும். அவனுடைய சின்ன விரலுக்கு மரப்பலகை அகலமாகத் தோன்றினால், சில யூரோக்களுக்குக் கிடைக்கும் ஒடுங்கிய பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கிக்கொடுங்கள். ஆனால் உங்கள் பலகையைத் தொடாமலிருப்பதற்கான கைக்கூலியாக அதைக் கொடுக்காதீர்கள்.

ஷ்வார்ட்சன்பாக் உங்கள் பவேரியா மாநிலத்திலேயே இருக்கிறது. தனியே போவதாயிருந்தால் நானும் உங்கள் மனைவியோடு சேர்ந்து முகம் சுளிப்பேன். மகனையும் கூட்டிக்கொண்டு போய், அன்று ஒரு நாளாவது மனைவிக்கு வீட்டில் ஓய்வு கொடுங்கள். அதன் பிறகும் அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்க வேண்டியிருந்தால், மறுபடி எழுதுங்கள்.