வகை விளக்கத்தின் பழைய வடிவத்தை எப்படிக் காப்பது?

கேள்வி: எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் வகைப் (கேட்டகரி) பக்கங்களின் விளக்கங்களை மூன்று பேர் திருத்துகிறோம். போன வாரம் ஒருவர் நீளமான விளக்கம் ஒன்றை அழித்துவிட்டு இரண்டே வரி எழுதிச் சேமித்துவிட்டார். பதிவுகளில் இருப்பதுபோல் திருத்த வரலாற்றைத் தேடினேன், காணவில்லை. பழையதை மீட்க முடியுமா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: வேர்ட்பிரஸில் வகைகளுக்கு அந்த வசதியே இல்லை. பதிவுகளுக்கு 2008-இல் 2.6 பதிப்போடு வந்தது. பதிவின் ஒவ்வொரு திருத்தமும் தனி வரிசையாகத் தரவுத்தளத்தில் சேரும். வகை விளக்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு கட்டம்தான். 'புதுப்பி' என்று அழுத்தியதும் பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருளான ஜூம்லாவில் 2013 முதலே வகைகளுக்கும் வரலாறு உண்டு என்பதால், இதை நியாயமான எதிர்பார்ப்பு என்றே சொல்வேன்.

முதலில் போனதை மீட்போம். சம்பவத்துக்கு முந்தைய பேக்கப் கையில் இருந்தால் அதை நேரே தளத்தின் மேல் ஏற்றிவிடாதீர்கள், அதன்பின் எழுதியதெல்லாம் போய்விடும். காலியான வேறு தரவுத்தளத்தில் ஏற்றி, 'டெர்ம் டாக்ஸானமி' அட்டவணையில் 'டிஸ்கிரிப்ஷன்' நெடுவரிசையைத் திறந்தால் பழைய விளக்கம் அப்படியே இருக்கும். பேக்கப் இல்லையா? இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த வகைப் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், இனி நடக்கப்போவதற்கு. பலரும் முதலில் நினைப்பது பழைய விளக்கங்களை டெர்ம் மெட்டாவில், அதாவது வகையோடு இணைத்து வைக்கும் கூடுதல் தகவல்களில், அடுக்கி வைப்பதை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வகைகளின் பட்டியலைத் தளம் எடுத்தபின் ஒன்றின் மெட்டாவைக் கேட்டாலே மற்றவற்றின் மெட்டாவும் வழக்கமாகச் சேர்ந்தே நினைவகத்துக்கு வரும். யாரும் பார்க்காத இருபது பழைய விளக்கங்களை ஒவ்வொரு வகையும் சுமந்துகொண்டு வருவது வீண்.

இதைவிட நல்ல வழி நிழல் பதிவு. திருத்த வரலாற்றை ஆதரிக்கும் தனிப் பதிவு வகை (கஸ்டம் போஸ்ட் டைப்) ஒன்றைப் பதிந்து, ஒவ்வொரு வகைக்கும் வாசகர் கண்ணில் படாத ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். வகை சேமிக்கப்படும்போதெல்லாம் விளக்கத்தை அந்தப் பதிவிலும் எழுதும்படி நிரல் எழுதுங்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டும் திரை வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது, நீங்கள் எழுத வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இப்போது தளத்தில் இருக்கும் விளக்கத்துக்கு நிழல் பதிவு இன்னும் இல்லை. முதல் திருத்தம் நடந்த பிறகு அதை உருவாக்கினால், நீங்கள் காக்க நினைத்த மூல விளக்கமே விடுபட்டுவிடும். அதனால் 'எடிட் டெர்ம்ஸ்' ஹூக்கைப் பிடியுங்கள் (ஹூக் என்பது வேர்ட்பிரஸ் ஒரு வேலையைச் செய்யும்போது நம் நிரலையும் ஓட்ட விடும் இடம்). அது மாற்றம் எழுதப்படுவதற்கு முன்பே ஓடும், அந்த நொடியில் தரவுத்தளத்தில் பழையதுதான் இருக்கும். அங்கே நிழல் பதிவை உருவாக்கினாலும் போதாது: நிரலால் புதிதாகச் செருகும் பதிவுக்கு வேர்ட்பிரஸ் திருத்தப் பிரதி எடுப்பதில்லை, பிந்தைய மாற்றத்தின்போதுதான் எடுக்கும். செருகிய கையோடு 'டபிள்யூபி சேவ் போஸ்ட் ரிவிஷன்' செயல்கூற்றை நீங்களே ஒருமுறை அழைத்துவிடுங்கள். புதிய விளக்கத்தை 'எடிட்டட் டெர்ம்' ஹூக்கில் எழுதினால் சரி.

பழைய வடிவத்துக்குத் திரும்ப, 'டபிள்யூபி ரிஸ்டோர் போஸ்ட் ரிவிஷன்' ஹூக்கில் நிழல் பதிவின் உள்ளடக்கத்தை வகைக்குத் திருப்பி எழுதுங்கள். விளக்கத்தில் பத்தி, தலைப்பு போன்ற குறிகள் இருந்தால் மீட்டதும் சரிபாருங்கள். வகை விளக்கத்தைச் சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் இயல்பாகவே பல எச்டிஎம்எல் குறிகளை வடிகட்டிவிடும்.

வகையை யாராவது அழித்தால் நிழல் பதிவையும் சேர்த்து அழிக்கும்படி எழுதிவிடாதீர்கள். தவறுதலாக அழித்த நாளில் அந்த விளக்கம் மிஞ்சியிருக்கும் இடம் அதுதான்.