ட்யூபின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? தோல் மருத்துவர் பதில்கள்

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீமை என் தங்கை ஆறு மாதமாகப் போடுகிறாள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் விட்டாலும் சிவந்து எரிகிறது, பரு வருகிறது. மறுபடி போட்டால் அடங்குகிறது. தொடரலாமா? (பெரம்பூர் வாசகி)

வேண்டாம். முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, ஸ்டீராய்டு மருந்து. பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் ஒரே ட்யூபில் சேர்ந்திருக்கும். மங்கு எனும் முகக் கருந்திட்டுக்காக டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் போடவேண்டிய கலவை அது. நம் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் நிறம் கூட்டிக்கொள்ள மாதக்கணக்கில் பூசுகிறார்கள்.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தோலின் அழற்சியை அமுக்கும். அதனால்தான் முதல் மாதம் முகம் வெளுத்துத் தெளிந்த மாதிரி தெரிகிறது. பிறகு தோல் மெலிகிறது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும், மேலுதட்டில் ரோமம் வளரும், கூட்டமாகப் பரு வரும். நிறுத்தினால் அமுங்கிக் கிடந்த அழற்சி பல மடங்காகக் கிளம்பும். 'இந்த க்ரீம் இல்லாமல் முடியாது' என்று தங்கை நினைப்பது இதனால்தான். அந்த எரிச்சலை உண்டாக்கியதே இந்த க்ரீம்தான்.

2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கவுன்டரில் கை நீட்டினால் கிடைக்கிறது என்பது எனக்குத் தீராத கோபம். தங்கை தானே நிறுத்தி, எரிந்ததும் தானே திரும்பப் போட்டு அல்லாட வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. தோல் பழையபடி ஆகச் சில மாதங்கள் பிடிக்கும், ஆனால் பெரும்பாலும் ஆகிவிடும்.

இன்னொன்று. லேபிளே இல்லாமல், அல்லது தயாரிப்பு லைசென்ஸ் எண் இல்லாமல் விற்கும் வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட டப்பாவை யார் பரிசாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நயசினமைடு 10 சதவீத சீரம் போட்டால் முகம் எரிகிறது. பழகிவிடுமா? (வேளச்சேரி)

பழக்க வேண்டிய அவசியமே இல்லை. 5 சதவீதமே போதும், பலருக்கு இன்னும் குறைவாக இருந்தாலும் வேலை செய்யும். எண் பெரிதானால் பலனும் பெரிதாகும் என்பது விளம்பரக் கணக்கு.

ஆன்லைனில் வாங்கிய வைட்டமின் சி சீரம் இரண்டே மாதத்தில் பழுப்பாகிவிட்டது. போலியா? (ஓ.எம்.ஆர்.)

போலியாக இருக்க வேண்டும் என்றில்லை. லேபிளில் அஸ்கார்பிக் ஆசிட் என்று இருந்தால், காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும். மே மாதச் சென்னையில் டெலிவரி வண்டிக்குள் கிடந்து, அப்புறம் பாத்ரூம் ஜன்னலோரத்தில் நின்றால் இரண்டு மாதமே அதிகம். வெளிர் மஞ்சள் வரைக்கும் சரி. டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். அடுத்த தடவை கருத்த கண்ணாடியில் வரும் சின்ன பாட்டிலாக வாங்கி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அம்மாவுக்கு வயது 58. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாகியிருக்கிறது. வெண்புள்ளி நோயா? (மயிலாப்பூர்)

ஸ்டிக்கர் பொட்டு வைப்பவராகத்தான் இருக்க வேண்டும். வெள்ளை சரியாகப் பொட்டின் வட்டத்திலேயே, அதே அளவில் இருக்கிறதா பாருங்கள். பொட்டின் பின்னால் இருக்கும் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருப்பதுண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்களை அது கொன்றுவிடும். பொட்டு அட்டையில் பெரும்பாலும் பசையின் பெயரே போட்டிருக்காது, எனக்கு அதுதான் வருத்தம்.

இன்றைக்கே ஸ்டிக்கரை நிறுத்துங்கள். வேறு பிராண்டுக்கு மாறுவது பதில் இல்லை, பசை பசைதான். கடைக் குங்குமத்தின் சாயமும் சிலருக்கு ஒவ்வாமல் நெற்றியைக் கறுக்க வைக்கும். நெற்றியை வெறுமையாக விட அம்மா தயங்குவார், எனக்குப் புரிகிறது. வகிட்டில் துளி குங்குமம் வைக்கட்டும், அங்கே அரித்தால் அதுவும் வேண்டாம். சீக்கிரம் டாக்டரிடம் காட்டினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். வட்டத்தைத் தாண்டிப் பரவினாலோ வேறு இடத்தில் வந்தாலோ தள்ளிப்போடவே கூடாது.

'பாராபென் இல்லை' என்று போட்ட க்ரீமுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா? (அண்ணா நகர்)

அந்த வரிக்காக மட்டும் வேண்டாம். தண்ணீர் கலந்த எந்த க்ரீமிலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஏதோ ஒரு பதப்படுத்தி வேண்டும். பாராபென் அப்படி ஒன்றுதான். அதில் ஒரு வகையான மெத்தில் பாராபெனை ஐரோப்பிய விதிகளே 0.4 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. சட்டென்று அலர்ஜி வரும் தோல் என்றால் நீங்கள் தவிர்க்க வேண்டியது வாசனைதான், லேபிளில் ஃப்ராக்ரன்ஸ் அல்லது பர்ஃப்யூம் என்று இருக்கும். பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் எழுதுவார்கள், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் முன்பின்னாக இருக்கலாம். முன்பக்கத்தில் பெரிதாகக் குங்குமப்பூ படம் போட்டு, பின்பக்கத்தில் அது கடைசி வரியில் இருந்தால் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் பைக். சன்ஸ்க்ரீன் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. மங்கும் இருக்கிறது.

சாம்பல் நிறம் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடால் வருவது. நிறம் கலந்த சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். அதில் இருக்கும் அயர்ன் ஆக்சைடு நம் தோல் நிறத்தோடு ஒத்துப்போகும், மங்கு கூடக் காரணமான, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். லேபிளில் எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சுடும் யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கவலைப்படாமல் இரண்டு விரல் நீளத்துக்குத் தாராளமாகப் பூசுங்கள். வியர்வையில் கரைந்துவிடும், ஆகவே சாயங்காலம் வெயிலில் கிளம்பும் முன் மறுபடி ஒரு தடவை.

ஐந்து மாத கர்ப்பம். ரெட்டினால் க்ரீமைத் தொடரலாமா? (பல்லாவரம்)

இன்றே நிறுத்திவிடுங்கள். அதே குடும்பத்து மருந்துகளான ட்ரெட்டினாயின், அடாபலீன் என்றிருந்தாலும் அதேதான். பருவுக்கு அசலாயிக் ஆசிட் போடலாம், உங்கள் மகப்பேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.