துண்டுக்கு அடியில் விலை பேசாதீர்கள்: அப்பா விட்டுப்போன ஓவியத்தை ஏலத்துக்கு அனுப்பலாமா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் கேட்பது இது: "அப்பா 1970களில் சென்னையில் வேலை பார்த்தார். லீவு நாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய் ஓவியர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த கறுப்பு மை ஓவியம் ஒன்று ஐம்பது வருடமாக எங்கள் முன்னறையில் தொங்குகிறது. கீழே கையெழுத்தும் 74 என்ற எண்ணும் இருக்கிறது. ஒரு பாட்டிக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணி ஓவியமும், பாட்டி காலத்து ரவிவர்மா லட்சுமி படமும் உண்டு. அப்பா போன வருடம் தவறிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்து மை ஓவியத்துக்கு 60,000 தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்கிறார். துபாயில் இருக்கும் அண்ணன், ஏலத்தில் விட்டால் லட்சக்கணக்கில் போகும் என்கிறார். எது சரி? சுத்தம் செய்து புது ஃபிரேம் போட்டுக் கொடுத்தால் விலை கூடுமா?" ஓவியர் யார் என்றும் எழுதியிருக்கிறார். படம் வீட்டுச் சுவரில் இருப்பதால் அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. ஃபிரேமைத் தொடாதீர்கள். துடைக்காதீர்கள். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

என் தாய்மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் ஒரு நல்ல கோட்டோவியம் இருந்தது. கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது அதையும் புதுசாக்கலாம் என்று ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்தார். கையில் இருந்த ஃபிரேம் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கடைக்காரர் காகிதத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டார். அந்த ஓரத்தில்தான் ஓவியர் தேதியும் "அன்புடன்" என்று மாமாவின் பெயரும் எழுதியிருந்தார். வெட்டிய துண்டு குப்பைக்குப் போய்விட்டது. பிறகு நான் அதை ஏல நிறுவனத்துக்கு அனுப்பியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஓரம் ஏன் இவ்வளவு ஒட்டி வெட்டப்பட்டிருக்கிறது?" என்பதுதான். இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வெட்டு.

அதனால் நீங்கள் இப்போது செய்ய வேண்டியது படத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பது. கட்டிலில் பழைய பருத்தி வேட்டியை விரித்து, படத்தைக் குப்புற வையுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் ஃபோனில் நிதானமாகப் படம் எடுங்கள். கண்காட்சி லேபிள், பென்சிலில் எழுதிய எண் அல்லது விலை, ஓவியர் கையால் எழுதிய தலைப்பு, ஃபிரேம் போட்ட கடையின் ஸ்டிக்கர் என்று எது இருந்தாலும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் பழைய காலத்துச் சின்னத் தொலைபேசி எண் இருந்தால் அதுகூட ஃபிரேமின் வயதைச் சொல்லும். அப்புறம் அப்பாவின் டைரி, கடிதங்கள், பழைய ஆல்பம். படம் சுவரில் தெரிகிற மாதிரி ஒரு குடும்பப் புகைப்படம், அதுவும் யாருடைய காதுகுத்து, எந்த வருடம் என்று சொல்ல முடிந்தால், பணம் கொடுத்தாலும் கிடைக்காத சாட்சி அது.

ஓவியச் சந்தையில் இதை உரிமை வரலாறு என்போம். ஓவியர் கையை விட்டுப் போனதிலிருந்து இன்றுவரை படம் யார் யாரிடம் இருந்தது என்ற தொடர்ச்சி. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம் யாத்ரா' 1.375 கோடி டாலருக்கு, நம் கணக்கில் 118 கோடி ரூபாய்க்கும் மேல், ஏலம் போனது. 1954இல் வரைந்த அந்தப் படத்தை அதே வருடம் டெல்லியில் வாங்கியவர் லியோன் வோலோடார்ஸ்கி என்ற மருத்துவர். அவர் அதை ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்தார். பல பத்தாண்டுகள் அது அங்கேயே இருந்தது. படத்தின் பெருமை ஒருபுறம் இருக்கட்டும், நடுவில் ஒரு நாள்கூட இருட்டில் இல்லாத அந்தப் பாதையும் வாங்குபவருக்குத் தைரியம் கொடுத்தது. இந்திய நவீன ஓவியங்களில் போலிகள் ஏராளம். ஜாமினி ராய், சூசா, ஹுசைன் பெயர்களில் வருகிற படங்களை எடுத்த எடுப்பில் யாரும் நம்புவதில்லை. ஆகவே உங்கள் அப்பா சோழமண்டலத்திலிருந்து நேரே கொண்டுவந்தார் என்பதை எவ்வளவு காட்ட முடியுமோ அவ்வளவு உங்களுக்கு நல்லது.

சரி, விலைக்கு வருவோம். பொள்ளாச்சி மாட்டுச்சந்தை உங்களுக்குப் பக்கம்தான். துண்டைப் போர்த்தி அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரியாது. வியாபாரி உங்கள் வீட்டுக்கு வந்து சொன்ன 60,000 அந்த மாதிரி விலை. அது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. குறைவா கூடவா என்று தெரிந்துகொள்ள உங்களிடம் இப்போது வழியில்லை, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடு அவருடைய வசதிக்கு வைத்தது.

ஏலத்தில் துண்டு கிடையாது, விலை சத்தமாகச் சொல்லப்படும். முன்பு நடந்த ஏலங்களின் முடிவுகளையும் பார்க்கலாம். மும்பையின் சாஃப்ரன்ஆர்ட், ஆஸ்டாகுரு, புண்டோல்ஸ் போன்ற நிறுவனங்களின் தளங்களில் ஓவியர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தேடும்போது ஒப்பிடத் தக்கதோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதே ஓவியர், காகிதத்தில் மை, கிட்டத்தட்ட அதே அளவு, அதே காலம். அவருடைய பெரிய எண்ணெய் வண்ண கேன்வாஸ் என்ன விலைக்குப் போனது என்பது உங்கள் படத்துக்கு உதவாது. காகிதத்தில் வரைந்தவை பெரும்பாலும் கேன்வாஸ் விலையில் ஒரு பகுதியைத்தான் பெறும். ஹுசைன் செய்தியைப் படித்துவிட்டு அண்ணன் மனதில் ஒரு தொகை ஓடியிருந்தால் அதை அன்போடு இறக்கி வையுங்கள்.

இன்னொன்று, பலர் தடுக்கி விழுகிற இடம். கேட்லாகில் அச்சிடும் மதிப்பீட்டு விலையில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கட்டும் பிரீமியம் சேராது. முடிவுப் பட்டியலில் வரும் தொகையில் பெரும்பாலும் அது சேர்ந்தே இருக்கும். கணக்குக்காக, சுத்தியல் தட்டியது 4,00,000 ரூபாய்க்கு என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் 20% என்றால் 80,000. பட்டியலில் 4,80,000 என்று வரும். பிரீமியத்தின் மேல் 18% ஜிஎஸ்டி 14,400. ஓவியத்தின் விலை மேலும் ஜிஎஸ்டி வந்தால் 5%, அதாவது 20,000 (2025 செப்டம்பர் 22க்கு முன் இது 12%). ஆக வாங்குபவர் கையிலிருந்து போவது 5,14,400. உங்கள் பக்கம் விற்பனைக் கமிஷன் 10% என்றால் 40,000, அதன் ஜிஎஸ்டி 7,200 போக 3,52,800. இதிலும் புகைப்படம், இன்ஷூரன்ஸ், மும்பைக்கு அனுப்பும் செலவு என்று நிறுவனம் கழிக்கக்கூடும். ஆனால் கமிஷன் பேசிக் குறைக்கக் கூடியது. செலவுகள் யார் பொறுப்பு என்பதும் அப்படியே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஏலத்திலும் துண்டுக்கு அடியில் ஒன்று இருக்கிறது. அதுதான் ரிசர்வ் விலை. இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று நீங்களும் நிறுவனமும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை. வெளியே சொல்ல மாட்டார்கள். வழக்கமாக அது கேட்லாக் மதிப்பீட்டின் கீழ் எல்லைக்குச் சமமாகவோ அதற்குக் கீழோ இருக்கும். இந்த ஒரு எண்ணில் நீங்கள் செலவிடும் யோசனைதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ரொம்பக் கீழே வைத்தால், கூட்டம் மந்தமான அன்று படம் மலிவாகப் போய்விடும். ஆசையில் உயர்த்தி வைத்தால் யாரும் கேட்காமல் திரும்பி வரும். திரும்பி வருவதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். அடுத்த முறை வாங்க வருபவர் பழைய கேட்லாகைத் தேடுவார், "போன வருடமே போகாத படம்" என்பார். நான் பார்த்தவரை, அப்படித் திரும்பிய படம் சில வருடம் ஓய்வெடுத்த பிறகுதான் மறுபடி நல்ல விலை கேட்க முடிகிறது. மதிப்பீடு அடக்கமாக இருந்தால் நாலு பேர் கை தூக்குவார்கள். இரண்டு பேருக்கு உண்மையிலேயே ஆசை வந்துவிட்டால் "ஒரு தரம், இரண்டு தரம்" என்பதற்குள் விலை தானாக ஏறும். உயர்ந்த மதிப்பீடு சொல்கிற நிறுவனத்துக்குத்தான் கொடுப்பேன் என்று போகாதீர்கள்.

மதிப்பீடு கேட்பதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து ஆகியவற்றின் படங்கள், சென்டிமீட்டரில் அளவு, எப்படி வந்தது என்று பத்து வரி. இதை இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு மெயிலில் அனுப்புங்கள். சில வாரத்தில் பதில் வரும்.

ஆனால் அதற்கும் முன் வீட்டுக்குள் ஒரு காகிதம் வேண்டும். அப்பா உயில் எழுதவில்லை என்றால் படம் உங்கள் ஒருவருடையது அல்ல. அம்மா, அண்ணன், கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் தயார் செய்யுங்கள். ஏல ஒப்பந்தத்தில் "இதன் உரிமையாளர் நான்தான், வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை" என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். கேட்லாக் அச்சான பிறகு ஒரு சகோதரர் ஆட்சேபம் எழுப்பி, படத்தை விற்பனையிலிருந்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். படமும் போகவில்லை, குடும்பத்தில் பேச்சும் நின்றது.

வருமான வரியும் உண்டு. வீட்டுச் சாமான்தானே என்று விட முடியாது. ஓவியங்கள் அந்த விலக்கில் வராது. அப்பா வாங்கிய காலத்திலிருந்தே கணக்கு என்பதால் இது நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5%. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய பொருள் என்பதால் அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அதற்குச் சான்று வாங்கி வையுங்கள்.

ரவிவர்மா லட்சுமி பெரும்பாலும் ஓலியோகிராஃப், அதாவது அச்சுப்படம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து இவை வீடு வீடாகப் போயின. பாலக்காட்டுப் பக்கம் பூஜையறை இல்லாத வீடும் இல்லை, அதில் ஒரு லட்சுமி இல்லாத காலமும் இல்லை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸால் லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். ஒழுங்கற்ற, கையால் குத்தியது போன்ற புள்ளிகள் தெரிந்தால் கல்லச்சு, பழையது. சின்னப் பூப்போல வட்டம் வட்டமாக ஒரே சீராக இருந்தால் பிற்கால ஆஃப்செட் பிரதி. பழையதற்கு வாங்குபவர்கள் உண்டு, ஆனால் அசல் ஓவியத்தின் விலையோடு அதற்குச் சம்பந்தமில்லை. அண்ணன் இதைத் துபாய்க்கு எடுத்துப்போக நினைத்தால் நிறுத்துங்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரவிவர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், நந்தலால் போஸ் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளுக்கு வயது பாராமலே இந்தத் தடை உண்டு. உங்கள் 1974 மை ஓவியம் அதில் வராது.

பாட்டிக் துணியை நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதுதான் நெருக்கமானது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னையை அடுத்த இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கியபோது, ஓவியம் விற்று வாழ முடியாது என்று தெரிந்தே தொடங்கினார்கள். பாட்டிக்கும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள். அந்த வேலைக்கு இன்று ஏலத்தில் பெரிய விலை இல்லை, பல துணிகளில் கையெழுத்தும் இருக்காது. அதனால் விற்காதீர்கள் என்பேன். வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். உங்கள் ஊர் மழை மறைவுப் பக்கம் என்றாலும் ஆடியில் சுவர் ஈரம் இழுக்கும். ஃபிரேமுக்குப் பின்னால் நாலு மூலையிலும் சின்ன கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

வியாபாரிக்கு இப்படிச் சொன்னால் போதும்: "வீட்டில் எல்லாரும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம், இரண்டு மாதம் ஆகும்." படம் அவருக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் மறுபடி வருவார். அதற்குள் உங்கள் கையில் மூன்று மதிப்பீடுகள் இருக்கும்.