காது மெஷின் எங்கே போச்சு?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருக்கிறேன். மெடிசின் வார்டில் பாதிப் பேர் வயதானவர்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரு ஹிஸ்டரி (நோய் விவரம்) எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. போன வாரம் பாத்ரூமில் விழுந்து அட்மிட் ஆன 78 வயதுத் தாத்தா, நான் எவ்வளவு கத்தியும் பதிலே சொல்லவில்லை. தொலைந்துவிடும் என்று அவருடைய காது மெஷினை மகன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாராம். மகனிடமே எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அன்று இரவு தாத்தா ஏதேதோ உளறி, ட்ரிப்ஸையும் பிடுங்கிப் போட்டார். கேஸ் ஷீட்டில் 'நாட் கோஆபரேட்டிவ்' (ஒத்துழைக்கவில்லை) என்று எழுதியதற்கு, ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் சீஃப் திட்டினார். வயதானவர்களை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பொறுமையை வளர்த்துக்கொள்வது எப்படி? குழந்தைகள் மருத்துவத்தில் பி.ஜி. சேர்ந்தால் தப்பிக்கலாமா?
– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: என் மகள் வயது உனக்கு. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

பொறுமையைப் பற்றி அப்புறம் பேசலாம். காது மெஷினை மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், உன் கடிதமே அதில்தான் இருக்கிறது. காது கேட்காது என்று உனக்குத் தெரியும். மெஷின் இல்லை என்றும் தெரியும். தெரிந்துகொண்டே கத்தினாய். பதில் வரவில்லை என்றதும் பழியை அவர் தலையில் போட்டாய். உன் சீஃப் எல்லார் முன்னாலும் திட்டியிருக்க வேண்டாம்தான். தனியாகக் கூப்பிட்டு இதைவிட நன்றாகத் திட்டியிருக்கலாம்.

நீ எழுதிய அந்த இரண்டு வார்த்தை எங்கெல்லாம் போகும் என்று யோசித்தாயா? அடுத்த டூட்டி டாக்டர் அதைப் படிப்பார். நைட் நர்ஸ் படிப்பார். அதற்குப் பிறகு தாத்தா என்ன சொன்னாலும் அது உளறல்தான். நிஜமாகவே வலிக்கிறது என்று முனகினாலும் 'அவர் அப்படித்தான்' என்று தாண்டிப் போவார்கள். ட்ரிப்ஸைப் பிடுங்கியதை நீ அடமாக எழுதியிருக்கிறாய். முந்தின நாள் வரை சரியாக இருந்த முதியவர் ஒரே ராத்திரியில் குழம்பிப்போனால், அதுவே ஒரு நோயின் அடையாளம். சிறுநீரில் கிருமி இருக்கலாம், உப்புச் சத்து குறைந்திருக்கலாம், சிறுநீர் வெளியேறாமல் அடைத்திருக்கலாம், எங்கோ வாங்கிய தூக்க மாத்திரையாக இருக்கலாம். அவரோ பாத்ரூமில் விழுந்து வந்தவர். தலையில் அடிபட்டதா என்று பார்த்தீர்களா? வயதான உடம்பில் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும், வலியில்லாமலும் மாரடைப்பு வரும். சில நேரம் குழப்பம் மட்டும்தான் வாசலில் வந்து நிற்கும். காது கேட்காமல், கண்ணாடி இல்லாமல், தெரியாத இடத்தில், விளக்கு அணையாத வார்டில் படுத்திருந்தால் அந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். கண்ணாடி எங்கே இருந்தது? அதையும் மகன் பத்திரப்படுத்திவிட்டாரா?

யாரும் சொல்லித்தரவில்லை என்கிறாய். பாதி ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகள் மருத்துவத்துக்குத் தனிப் பரீட்சை இருக்கிறது. அதில் தேறாமல் எம்.பி.பி.எஸ். முடிக்க முடியாது. முதியோர் மருத்துவம் மெடிசின் பாடத்துக்குள் ஒரு தலைப்பாக ஒடுங்கிக் கிடக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நீ அதைச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி ஓ.பி. தொடங்கியது 1978இல். முதியோர் மருத்துவத்தில் நாட்டின் முதல் எம்.டி. படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் ஆரம்பித்தது. 2024இல் கிண்டியில் முதியோருக்காகவே 200 படுக்கையோடு தேசிய மையம் திறந்தாயிற்று. கற்றுக்கொள்ள மனசு இருந்தால் ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

அதுகூட வேண்டாம், உன் கழுத்திலேயே ஒரு காது மெஷின் தொங்குகிறது. ஸ்டெதாஸ்கோப்பின் காதுப் பகுதியைத் தாத்தாவுக்கு மாட்டிவிட்டு, நெஞ்சில் வைக்கிற வட்டை உன் வாய்க்குக் கிட்டே பிடித்து மெதுவாகப் பேசு. பழைய டாக்டர்கள் செய்கிற வேலை இது. கத்தக் கூடாது. வயதில் முதலில் போவது கீச்சுக் குரலைக் கேட்கிற திறன். கத்தினால் உன் குரல் இன்னும் கீச்சென்று ஏறும். வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். மாஸ்க் போட்டிருந்தால் உதடு தெரியாது என்பதை நினைவில் வை. ஒரு கேள்வி கேள், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. பொறுமை, பொறுமை என்று நீ பெரிதாகச் சொல்வது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். மனதுக்குள் இருபது வரை எண்ணிப் பார், பதில் வரும்.

என் அம்மா கடைசி வருஷத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். சின்ன டாக்டர் ஒருத்தர் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார், "அம்மா நேற்று மோஷன் போனாங்களா?" அம்மா போர்வையைச் சரிசெய்துகொண்டே, "போனது நான். என்னைக் கேளுப்பா" என்றார். நானே அதுவரை அம்மாவுக்குப் பதிலாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. டாக்டரோடு சேர்ந்து நானும் தலையைக் குனிந்தேன்.

மகனிடம் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அவரிடம் மட்டுமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "அப்பா போன வாரமும் இப்படித்தான் இருந்தாரா?" அதைக் கேட்டாயா? வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாயா? கை வைத்தியர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கியது, எல்லாம்.

அந்த மகனையும் விடப்போவதில்லை. இருபதாயிரமோ முப்பதாயிரமோ, மெஷின் தொலைந்தால் நஷ்டம்தான். அதற்காக அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அப்பாவை வார்டில் செவிடாக விட்டுவிட்டுப் போகிறவரைப் பொறுப்பான பிள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. தொலையாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும், வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் கேட்பார்கள்.

குழந்தைகள் மருத்துவம்? தாராளமாகப் படி. ஆனால் தப்பிக்கப் போகாதே. ஒரு வயதுக் குழந்தையும் பதில் சொல்லாது, ட்ரிப்ஸைப் பிடுங்கும். அதற்கு 'நாட் கோஆபரேட்டிவ்' என்று எழுதுவாயா? தவிர, அந்த ஓ.பி.யிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது பாதி நாள் பாட்டிதான்.

இப்போது செய்ய வேண்டியது: தாத்தா இன்னும் வார்டில் இருந்தால், கேஸ் ஷீட்டில் அந்த வரிக்குக் கீழே 'காது மெஷின் இல்லாமல் பார்க்கப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. மகனுக்குப் போன் செய். மெஷினைக் கொண்டுவரும்போது புது பேட்டரியும் வாங்கி வரச் சொல். ஆஃப் செய்யாமல் பீரோவில் வைத்திருந்தால் பழையது இந்நேரம் தீர்ந்திருக்கும்.