அந்த வேர்வை உழைத்த வேர்வை இல்லை

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. சலரோகமும் பிறசரும் இருக்கு. கிளினிக்கில் கிளிக்ளசைட், மெற்போமின், அற்றனலோல் தருகிறார்கள். நாலு மாதமாக ஜிம்முக்குப் போகிறார். டொக்டர் நடக்கச் சொல்கிறார், ஜிம் மாஸ்டர் பாரம் தூக்கினால்தான் சீனி இறங்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? விடிய 5 மணிக்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு வெறுவயிற்றோடு போவார். 7 மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது சேர்ட்டைப் பிழியலாம். பிட்டு சாப்பிட்டு முடியும்வரை பிள்ளைகளில் எரிந்து விழுவார், பிறகு சரியாகிவிடுவார். மாஸ்டருக்கு வருத்தத்தைச் சொன்னால் கிழவன் என்று நினைப்பாராம், சொல்லவில்லை.
– ஒரு மனைவி, பரந்தன்

பதில்: தங்கச்சி, டொக்டரா மாஸ்டரா என்பது கிடக்கட்டும். "பிறகு சரியாகிவிடுவார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அந்த வரியை முதலில் பார்ப்போம். உழைத்த களைப்பு பிட்டில் தீராது. சாப்பிட்டதும் ஒரு மனிதன் தெளிகிறான் என்றால், அதுவரை அவன் இரத்தத்தில் சீனி விழுந்து கிடந்தது என்றுதான் சந்தேகப்படவேண்டும்.

கிளிக்ளசைட் கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும் குளிசை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது. அதனால்தான் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவர் அதைப் போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் பட்டினி. அதற்குமேல் பாரம் தூக்கினால் தசையும் தன் பங்குக்குச் சீனியை இழுக்கும். மற்றவர்களுக்கு இந்த நேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஆள் உஷாராகிவிடலாம். பிறசருக்குக் கொடுக்கும் அற்றனலோல் அந்த இரண்டையும் மறைத்துவிடும், வேர்வையை மறைக்காது. மிச்சமிருந்த அந்த அடையாளத்தையும் நீங்கள் உழைப்பு என்று நினைத்துத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறீர்கள். அந்த நிலையில்தான் அவர் ஏ9 வீதியில் டிப்பருக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறார்.

டொக்டரும் மாஸ்டரும் ஒருவரோடொருவர் முரண்படவேயில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி, இரண்டுமே சலரோகக்காரருக்கு வேண்டியவை. மாஸ்டருக்குக் குளிசை தெரியாது. டொக்டருக்கு ஜிம் தெரியுமா? தெரிந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால், மூன்று மாதச் சீனிப் பரிசோதனையில் (HbA1c) அளவு இறங்கியதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்றுதான் நினைப்பார். அந்தப் பரிசோதனை காட்டுவது சராசரி. விடியற்காலையில் விழுந்து எழும்புவது அதில் தெரியாது. மாஸ்டரோ 220இல் வயதைக் கழித்து 171 என்று கணக்குப் போட்டு, அதில் எழுபது வீதம் என்று நாடி 120ஐத் தொடும்வரை விரட்டியிருப்பார். அற்றனலோல் போட்டவரின் நாடி அவ்வளவுக்கு ஏறாமலே நிற்கலாம். "காணாது, இன்னும் கூட்டு" என்பார். மருந்து தெரிந்திருந்தால் நாடியை விட்டுவிட்டு, கதைக்க முடியவேண்டும் ஆனால் பாட முடியாது என்ற அளவை வைத்திருப்பார்.

பொம்பிளைப் பிள்ளையோ ஆம்பிளைப் பிள்ளையோ, குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் கிழவன் பெயருக்குப் பயந்து வருத்தத்தை ஒளிப்பதை நான் ரோசம் என்று சொல்லமாட்டேன், பொறுப்பில்லாத்தனம் என்பேன். குடும்பம் வைத்திருப்பவனின் உடம்பு அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. கிளினிக் கொப்பி வீட்டில்தானே இருக்கிறது? அவர் மாஸ்டருக்குக் காட்டாவிட்டால் நீங்கள் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோபிக்கட்டும்.

ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கத்தில் மாஸ்டர் எழுதட்டும்: என்னென்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். அதை டொக்டரிடம் கொடுத்து மறுபக்கத்தில் பதில் வாங்குங்கள். ஜிம் நாளில் கிளிக்ளசைட்டை எப்போது, எவ்வளவு போடுவது? கண்ணின் பின்புறம் பார்த்தாயிற்றா? விழித்திரையில் புது இரத்தக்குழாய் முளைத்திருந்தால், மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கும்போது கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். பாதத்தில் உணர்வு இருக்கிறதா? ஈசிஜி வேண்டுமா? கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், வாயால் சொல்லத் தொடங்கினால் முடிந்துவிடும். தாளை நீட்டுங்கள். வன்னியில் இன்னொரு வரியும் எழுதவேண்டும்: உடம்பில் யுத்தகாலத்துச் செல் (எறிகணை) துண்டு இருந்தால் எங்கே என்று. முதுகெலும்புக்கோ மூட்டுக்கோ பக்கத்தில் என்றால், குந்தி எழும்பும் பயிற்சிக்கு முன் பிசியோதெரபிஸ்ட் பார்க்கவேண்டும். எந்த மாஸ்டரும் இதைக் கேட்டதாக நான் அறியேன்.

டொக்டர் ஜிம்முக்குப் போக விட்ட பிறகு, தொடங்கமுன் அளக்கட்டும். சீனி 100க்குக் கீழே என்றால் முதலில் சாப்பாடு. பிறசர் 180/110ஐத் தொட்டால் அன்றைக்கு ஜிம் இல்லை. பாரம் தூக்கும்போது மூச்சை வெளியே விடவேண்டும்.

திரும்பவும் அப்படி வேர்த்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைச் சுணக்கும். 15 நிமிடத்தில் திரும்ப அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறியதும் சாப்பாடு. மெசின் இல்லையென்றால் அளக்கக் காத்திருக்காமல் சீனித் தண்ணியைக் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

நீங்களாகக் குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) கூட்டிப்போய் இந்த வேர்வையைச் சொல்லுங்கள். அதுவரை ஜிம் இல்லை. பின்னேரம், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, நீங்களும் கூடவே நடவுங்கள்.